சொந்தமோ என்று கேட்டேன்

நான் முன்பு வேலை செய்த வரி ஆலோசகர் அலுவலகத்திலிருந்து அழைத்தவள் மரியாதையாகத்தான் கேட்டாள். பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கோப்புகளுக்குப் பத்து ஆண்டுகள் முடிந்துவிட்டன, வெள்ளிக்கிழமை தாள் அழிக்கும் வண்டி வருகிறது, நீங்கள் கட்டியவை இரண்டு அலுமாரி நிறைய இருக்கின்றன, கடைசியாக ஒருமுறை பார்க்கிறீர்களா என்றாள். இப்போது ஒருவரும் வரி அலுவலகத்துக்குத் தாள் அனுப்புவதில்லையாம். கணினியில் எண்ணைப் போட்டால் போதுமாம். கேட்டால் மட்டும் காட்ட வேண்டுமாம். "இதையெல்லாம் எப்படித்தான் செய்தீர்களோ, ஒருநாள் எழுதுங்களேன்" என்று சிரித்தாள்.

எழுதுகிறேன். வெளியே மழை. ஜெர்மனியின் மழை ஊரான வுப்பர்டாலில் இருந்துகொண்டு மழை என்று எழுதுவது வீண். ஆனால் என் கண்ணில் இப்போது மிஞ்சியிருப்பது ஓரப்பார்வை மட்டும், அந்த ஓரத்தில் எப்போதும் மழைதான் நிற்கிறது. பார்வையின் நடுப்பகுதி கரைந்துபோனதால் ஐம்பத்தொரு வயதில் ஓய்வூதியக்காரி ஆனேன். எண்களை வாசித்துச் சாப்பிட்டவளுக்கு எண்கள் தெரியாமற்போயின. எட்டும் மூன்றும் ஒன்றாயின. ஒருநாள் ஆறு என்று நினைத்துப் பூச்சியத்தைக் கூட்டினேன். அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

படித்த காலத்தை நீட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பள்ளிக்கூடக் கழிவறைகள் கழுவினேன், மாலையில் மொழி படித்தேன், இருபத்தெட்டு வயதில் வரி ஆலோசகரின் உதவியாளருக்கான மூன்று வருடப் பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் எல்லாருக்கும் மூத்தவள் நான். ஜெர்மன் சட்டத்தில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில்தான் வரும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கப் பழகினேன். தமிழிலும் அப்படித்தானே என்று பிறகுதான் உறைத்தது. அவ்வளவுதான் பயிற்சி.

வேலை தந்தவர் லோமன். மூன்று அறை அலுவலகம், கீழே ஆறு, ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில். ஒவ்வொரு ரயில் போகும்போதும் தேநீர்க் கோப்பை சிணுங்கும். லோமன் நெடியவர், மெலிந்தவர், உள்ளேயும் மேற்சட்டை கழற்றாதவர். என் தகப்பனாரின் பெயர் சிவபாதசுந்தரம். மற்றவர்கள் அதை வெட்டிக் குறுக்கி என்னைக் கூப்பிட்டார்கள். அவர் முதல் வாரம் முழுக்க மை ஒற்றும் தாளில் அதை அசை அசையாகப் பிரித்து எழுதிப் பழகி, இரண்டாவது திங்கட்கிழமை முழுதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாளும் பிசகியதில்லை. கோபம் வந்தால் மட்டும் இன்னும் மெதுவாகச் சொல்வார்.

தாளைக் கீழிருந்து மேலாக வாசிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, பிறகு தொகை, கடைசியில்தான் விஷயம். "ஆள் நிஜமா என்று பாருங்கள், பிறகு அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்" என்பார். நன்கொடை கொடுத்தால் வரி குறையும் என்பதால், அதன் சான்றிதழ்களில் இன்னும் கடுமை. பணமாகக் கொடுத்தால் சிக்கல் இல்லை, வங்கித் தாளே பேசும். பொருளாகக் கொடுத்தால், அதிலும் ஓவியம் சிற்பம் என்று கொடுத்தால், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிடுவார். என்ன பொருள், எத்தனை வயது, கை மாறிய நாளில் என்ன நிலை, பெறுமதியை யார் சொன்னது. முன்பக்கப் படம் ஒன்று, பின்பக்கப் படம் ஒன்று, இரண்டையும் சான்றிதழோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

பின்பக்கம் ஏன் என்று முதல் வருடமே தெரிந்துகொண்டேன். ஒரு பல் வைத்தியர் பன்னிரண்டு சட்டமிட்ட படங்களைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்து, பெருந்தொகைக்குச் சான்றிதழும் வாங்கி வந்தார். லோமன் ஒரு படத்தைக் கொண்டுவரச் சொன்னார். வாங்கினார், திருப்பினார், பின்னட்டையை மெல்லக் கழற்றினார். தாளின் மேல் நடுவில் ஒரு சிறு துளை. சுவரில் ஆணியில் தொங்கிய துளை.

"டொக்டர், இது எந்த மாதம்?"

வைத்தியர் சுவரைப் பார்த்தார். "ஒக்டோபராக இருக்கலாம்" என்றார். மூவரும் சிரித்தோம். நாட்காட்டியைக் கிழித்துச் சட்டம் போட்டவர் அடுத்த வருடமும் எங்களிடமே வந்தார்.

இன்னொரு முறை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, கணவன் வார்த்த வெண்கலப் பறவையை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாள். நிலை என்ற இடத்தில் நான் விதிப்படி "பாவித்தது, சிறு கீறல்" என்று எழுதியிருந்தேன். அவள் அந்த இரண்டு சொல்லைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டாள். லோமன் தாளை என்னிடமிருந்து எடுத்து, "நன்கு பேணப்பட்டது" என்று தன் பென்சிலால் மேலே எழுதினார். அதுவும் உண்மைதான். உண்மைக்குள்ளேயே எந்தச் சொல்லை எடுப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் இல்லாத மூன்று வாரத்தில்தான் நான் பிழைத்தேனோ, பிழை விட்டேனோ, இன்றைக்கும் தெரியாது.

சூசை அண்ணை மன்னார்க்காரர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம். அவருடைய மனைவி றெஜினா அக்காவும் அங்கேதான். நீராவிக்குள் நின்று விரிப்புகளை மடிப்பார்கள், ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவ கையில். வேலை முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போக, அவர் பழைய நாடாத் தொழிற்சாலை ஒன்றின் மூன்றாம் மாடிக்குப் போவார். அங்கே ஓவியர்களுக்கான சங்கம் ஒன்று குறைந்த வாடகைக்கு அறைகள் கொடுத்திருந்தது. வடக்குப் பக்க யன்னல், ஒரு குசினிக் கதிரை, சுவர் முழுக்கத் துணி. அந்த அறை தொழில்முறை ஓவியர்களுக்கு மட்டும். ஒவ்வொரு வருடமும் வரி அலுவலகக் கடிதத்தைக் காட்ட வேண்டும். அதில் "சுயதொழில், ஓவியர்" என்று இருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் அவர் எங்களிடம் வந்தார். வரி குறைய வேண்டும் என்று அல்ல.

"எத்தினை படம் வித்தீங்கள் அண்ணை இந்த வருசம்?"

"ஒண்டு. போன வருசத்தை விட ஒண்டு கூட."

இப்படித்தான் பேசுவார். சிரிக்காமல் சொல்லுவார், நான் சிரித்த பிறகு சிரிப்பார்.

யூரோ வந்து மூன்று வருடமிருக்கும், றெஜினா அக்கா கடைசிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இறந்துபோனா. அவவை ஆறு வாரம் வைத்துப் பார்த்த அந்த இல்லம் வசந்தத்தில் ஓவிய ஏலம் ஒன்று நடத்தியது. சூசை அண்ணை தன் ஆகப் பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். வெள்ளை விரிப்புகள் கொடியில் தொங்குகின்றன, இடைவெளியில்லாமல், ஒரு சுவர் மாதிரி. அடியில் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள் மட்டும். இரண்டாயிரத்து நானூறு யூரோவுக்குப் போனது. அவர் விற்ற எல்லாப் படத்தையும் கூட்டினாலும் அவ்வளவு வராது.

இல்லம் அவருக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. அதை நிரப்பிக் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார். லோமன் இல்லை. முதுகு வைத்தியத்துக்காக மலைப்பக்கம் போயிருந்தார், மூன்று வாரம்.

ஒவ்வொன்றாக எழுதினேன். பொருள், அளவு, வயது, நிலை. நன்கு பேணப்பட்டது. பிறகு இரண்டு சிறு கட்டங்கள். பொருள் கொடுத்தவரின் தனிப்பட்ட உடைமையிலிருந்து வந்ததா, தொழில் உடைமையிலிருந்து வந்ததா. ஒன்றில் புள்ளடி போட வேண்டும்.

படிக்கிறவர்களுக்கு இதன் பாரம் விளங்க வேண்டும். தொழில் என்றால் அந்தப் படத்துக்குத் துணிக்காசும் மைக்காசும் மட்டும்தான் கணக்கு, எழுபது எண்பது யூரோ. ஓவியன் தன் கைக்குத் தானே கூலி போட முடியாது. தனிப்பட்டது என்றால் ஏலத்தில் போன முழுத்தொகையும் கணக்கு, திரும்பி வருகிற வரி ஒரு கல்லறைக் கல்லுக்குப் போதும். றெஜினா அக்காவுக்கு அப்போது மரச்சிலுவைதான் நட்டிருந்தது. அந்தச் சிலுவை எனக்குத் தெரியும். நானும் போய் நின்றிருக்கிறேன்.

"அண்ணை, இது சொந்தமோ?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொந்தம்தான். வேற ஆக்களின்ரை படத்தைப் பாத்துக் கீறேல்லை."

எனக்கு விளங்கியது. நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது இன்னொன்று. நான் உடைமையைக் கேட்டேன், அவர் கற்பனையைச் சொன்னார். எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். ஜெர்மனில் கேட்டிருந்தால் இந்த வழுக்கல் இல்லை. "இல்லையண்ணை, தொழிலோ சொந்தமோ எண்டு கேக்கினம்" என்று ஒரு வசனம் போதும், ஐந்து வினாடி போதும். ரயில் போனது, கோப்பை சிணுங்கியது. அவர் சொந்தம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் கல்லை நினைத்தேன். தனிப்பட்ட உடைமை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

அவர் கையெழுத்து வைத்தார். படம் கீறுகிற கை, ஆனால் கையெழுத்து மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல வட்டம் வட்டமாக இருக்கும்.

லோமன் திரும்பி வந்த அன்றே சூசை அண்ணையின் கோப்பினை எடுத்தார். கீழிருந்து வாசித்தார். கையெழுத்து, தேதி, தொகை. புள்ளடியில் பென்சில் நின்றது.

"தனிப்பட்டது என்று அவர் சொன்னாரா?"

"சொன்னார்."

"எந்த மொழியில்?"

லோமன் என் பெயரைச் சொன்னார். மிக மெதுவாக, எல்லா அசையோடும். பிறகு கோப்பினை மூடி என் மேசையில் வைத்துவிட்டு யன்னலருகே போய் நின்றார். சான்றிதழ் அதற்குள் இல்லத்திலிருந்து வந்துவிட்டது, விண்ணப்பமும் போய்விட்டது.

வரி திரும்பி வந்தது. கல் வந்தது. கறுப்புக் கல், அதில் தமிழில் பெயர். சூசை அண்ணை ஒரு பெட்டி வட்டிலப்பத்தோடு அலுவலகத்துக்கு வந்து லோமனுக்கும் கொடுத்தார். லோமன் நின்றுகொண்டே தின்றார்.

கடிதம் அடுத்த வருடம் வந்தது. அமைதியான கடிதம். தனது ஆகச் சிறந்த படைப்பைத் தனிப்பட்ட உடைமை என்று அறிவித்த ஒருவர், வருடக்கணக்காக இலாபமும் காட்டாத ஒருவர், ஓவியத்தைத் தொழிலாகச் செய்கிறார் என்று கொள்ள முடியவில்லை. இது லீப்ஹாபெறாய். ஜெர்மன் வரி மொழியில் பொழுதுபோக்குக்கு அதுதான் பெயர். சொல்லைப் பிரித்தால் உள்ளே அன்பு இருக்கிறது. அன்பு வைத்தவன் செய்கிற காரியம். அவ்வளவு அழகான சொல்லால் ஒரு மனுசனைத் தொழிலிலிருந்து நீக்கலாம் என்று அன்றுதான் கண்டேன்.

அவருக்கு அதை நான்தான் தமிழில் சொன்னேன். எப்படிச் சொல்லுவது என்று படிக்கட்டில் நின்று பழகிவிட்டுப் போனேன்.

"விருப்பத்துக்குச் செய்யிறதாம் அண்ணை. தொழில் இல்லையாம்."

"விருப்பம் இல்லாமல் ஆர் செய்வான்?" என்றார். பிறகு, "அப்ப அறை?" என்றார்.

எதிர்ப்பு மனுவை லோமனே எழுதினார், நான்கு பக்கம். பணம் வாங்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் என் பிழைக்கு ஒரு பத்தி. கேள்வி வேறு மொழியில் கேட்கப்பட்டது, அந்த மொழியில் சொந்தப் படைப்புக்கும் சொந்த உடைமைக்கும் ஒரே சொல் என்று எழுதி, அடியில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். வரி அலுவலகத்தில் நேரில் பேச ஒரு நாள் கிடைத்தது. அதிகாரி நல்ல மனுசி. அந்தத் தமிழ்ச் சொல்லை ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னா. சொன்னேன். தானும் சொல்லிப் பார்த்தா. பிறகு, புள்ளடி இல்லாவிட்டாலும் இந்த எண்கள் இந்த எண்கள்தான், புள்ளடி எங்களைப் பார்க்க வைத்தது, அவ்வளவே என்றா. மனு தள்ளுபடியானது.

இந்த வசனத்தைப் பத்து வருடமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். புள்ளடி இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். புள்ளடி இல்லாவிட்டால் பார்த்தே இருக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

கார்த்திகையில் அறையைக் காலி செய்தார். நானும் போனேன். மூன்று மாடி, மின்தூக்கி இல்லை. பெரிய படங்களை அவர் முன்னால் பிடிக்க நான் பின்னால் பிடித்து, விரிப்பு மடிக்கிறவர்கள் மாதிரி ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை என் கையிலுமாக இறக்கினோம். அவருடைய இரண்டறை வீட்டில் வைக்க இடமில்லை, நிலவறைக்குத்தான் போயின. ஆற்றுப் பக்கத்து நிலவறை. ஈரம் மூன்று குளிர்காலத்தில் தன் வேலையை முடித்தது. என்னை ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். கோவில் திருவிழாவில், கடையில், பேருந்தில் கண்டால், "கண் எப்பிடி பிள்ளை?" என்பார். கீறுறீங்களோ என்று நான் ஒருமுறை கேட்டேன். "விட்டிட்டன்" என்றார். பிறகு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் அலுவலகத்துக்குப் போனேன். லோமனின் மேசை இல்லை, லோமனும் இல்லை. அவர் இறந்து இரண்டு வருடம். அழைத்த பெண் அலுமாரியைத் திறந்துவிட்டாள். சூசை அண்ணையின் பெயர் சொன்னேன், கோப்பினை எடுத்துத் தந்தாள். சான்றிதழ் அழியத்தான் வேண்டும், புகைப்படங்கள் வேண்டுமானால் எடுத்துப் போங்கள் என்றாள். இரண்டு படம். முன்பக்கம், பின்பக்கம்.

வீட்டில் எனக்கு மருத்துவக் காப்புறுதி இரவலாகத் தந்த ஒரு கருவி இருக்கிறது. தாளை அடியில் வைத்தால் எழுத்தைத் திரையில் தேங்காயளவு பெருப்பித்துக் காட்டும். முன்பக்கத்தை வைத்தேன். விரிப்புகள், கால்கள். கால்களை இப்படிப் பெரிதாகப் பார்த்ததில்லை. பெருவிரல் நகத்தில் ஒரு சிவப்புப் பூச்சுத் துண்டு. பின்பக்கத்தை வைத்தேன். வெறும் துணி, மரச்சட்டம். சூசை அண்ணை கேள்வித்தாளோடு வந்த அந்த வெள்ளிக்கிழமை நான் இதைப் பார்க்காமலே கட்டியிருக்கிறேன். பின்பக்கத்தைப் பார் என்று கற்றவள். சட்டத்தின் கீழ் மரத்தில் ஏதோ அழுக்கு. பெருப்பித்தேன். அழுக்கு இல்லை, பென்சில். வட்டம் வட்டமான பள்ளிக்கூட எழுத்து.

றெஜினாவுக்கு.

நல்ல கண் இருந்தபோது தெரியாதது, இல்லாதபோது தெரிந்தது. இரவல் கருவியில் தெரிந்தது.

அடுத்த நாள் பேருந்தில் அவரிடம் போனேன். அழிக்கும் வண்டி அந்நேரம் அலுவலக வாசலில் நின்றிருக்கும். கதவைத் திறக்க அவருக்கு நேரம் எடுத்தது, முழங்கால். குசினி மேசையில் இரண்டு படங்களையும் வைத்தேன். தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தவர் அவற்றைக் கண்டதும் கதிரையில் இருந்தார்.

"எங்கையிருந்து பிள்ளை?"

"கோப்பிலையிருந்து. இண்டைக்கு எல்லாத்தையும் அழிக்கினம்."

பின்பக்கப் படத்தை அவருக்கு முன்னால் தள்ளினேன். "அண்ணை, ஒண்டு கேக்கோணும். அண்டைக்கு நான் சொந்தமோ எண்டு கேட்டது உங்களுக்கு விளங்கினதோ?"

குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது.

"விளங்கினது" என்றார். "நீர் தொழிலோ சொந்தமோ எண்டுதான் கேட்டனீர் எண்டு விளங்கினது. தொழில் எண்டு சொல்லோணும் எண்டும் தெரியும். வருசா வருசம் அப்பிடித்தானே எழுதினது." படத்தைத் தொட்டார். "மற்ற எல்லாத்தையும் சொல்லியிருப்பன். இதை மட்டும் தொழில் எண்டு சொல்ல வாய் வரேல்லை. அதுதான் பாத்துக் கீறேல்லை எண்டு சும்மா ஒரு கதை சொன்னனான்."

உண்மையா, எனக்காகச் சொன்னாரா. அவருடைய முகம் என் பார்வையின் நடுவில் இருந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பி ஓரத்தால் பார்த்தேன். ஓரத்தில் கைகள் மட்டும் இருந்தன.

"சொல்லியிருக்கலாமே அண்ணை, இத்தினை வருசமா."

"நீரும் கேட்டிருக்கலாம்" என்றார். கோபமில்லை. கேட்டிருக்கலாம்தான்.

முன்பக்கப் படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார்.

"இடக்கால் பிழை" என்றார்.

"எனக்குச் சரியாத்தான் கிடக்கு."

"உமக்குக் கண் தெரியாது." முதலில் சிரிக்கவில்லை. நான் சிரித்த பிறகு சிரித்தார். "அவ பாரத்தை வலக்காலிலைதான் போடுவா. இஞ்சை ரண்டிலையும் நிக்கிறா. பென்சில் கிடக்கோ?"

கைப்பையில் இருந்தது, எண்கள் போன பிறகும் பென்சில் போடாமல் வெளிக்கிட எனக்குத் தெரியாது. கொடுத்தேன். புகைப்படத்தைக் குப்புறப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் குனிந்தார். என்ன கீறுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நீளக்கோடு. ஒரு நிறுத்தம். இரண்டு சிறிய கோடு. மழைச் சத்தத்துக்குள் அதைப் பிரித்துக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கும் என்று காத்திருந்தேன்.

"ஏலாமக் கிடக்கு பிள்ளை" என்றார். "கை மறந்து போச்சு."

தேநீர் குடித்தோம். ஆறிப்போயிருந்தது. வெளிக்கிடும்போது வாசல் வரைக்கும் வந்தார், குடையை எடுத்துத் தந்தார். பென்சிலை மட்டும் திருப்பித் தரவில்லை.